படிவத்தின் ஏழாவது கட்டம்

மிட்டல்பர்க்,
மே 6

அன்புள்ள எவர்ட் அண்ணா,

சுகமாக இருக்கிறாயா? முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம். ஹார்முக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். என் வீட்டுக்காரரோ மருத்துவரையே மாற்றிவிட்டார்.

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். "இனிமே என்கிட்ட எதைச் சொல்றதா இருந்தாலும் எழுதிக் குடு, போனை எடுக்க மாட்டேன்" என்று நீ சொன்னதை மறக்கவில்லை. அதனால்தான் எழுத்தில்.

எங்கள் பெண் மெரெலுக்குக் கல்யாணம். பையன் பெயர் தைமன். படப்பிடிப்புகளுக்கு விளக்கு அமைக்கிற வேலை. நல்ல உயரம், நல்ல சாப்பாடு, நல்ல குணம். உங்கள் ஓவர்பேக்கில்தான் இருவரும் குடியிருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். செப்டம்பர் 14, சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு நகராட்சிப் பூங்காவில், குளத்தங்கரைப் புல்வெளியில் சட்டப்படிக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறாள். வேறு எந்த இடத்தைச் சொன்னாலும் வேண்டாம் என்கிறாள்.

அந்தப் பூங்காவில் யார் எது செய்ய வேண்டுமானாலும் உன் மேஜைக்குத்தான் வரவேண்டுமாம். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நூற்று நாற்பது பேர், ஒலிபெருக்கியோடு வாத்தியக் குழு, தைமனின் நண்பர்கள் டிரோன் வைத்துப் படம் எடுப்பார்கள்.

இது அழைப்பிதழ் அல்ல, விண்ணப்பம்தான். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
ஹில்லி


ஓவர்பேக்,
மே 13

ஹில்லிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் இருந்த இடத்தில் இருக்கிறது. உப்பு விஷயத்தில் மருத்துவர் சொன்னதே சரி.

மெரெலுக்கு வாழ்த்துகள். அது தனி. இனி விண்ணப்பம்.

நூறு பேரும் அதற்கு மேலும் கூடும் நிகழ்ச்சிக்கு இருபது வாரம் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். செப்டம்பர் 14-க்கு இருபது வாரம் முன்பு என்றால் ஏப்ரல் 27. நீ எழுதியது மே 6. ஒன்பது நாள் தாமதம். ஏற்பதற்கில்லை.

டிரோன் கூடாது. குளத்து மேட்டில் சாம்பல் நாரைகள் கூடு கட்டுகின்றன. செப்டம்பரில் குஞ்சுகள் பறந்து போயிருக்குமே என்பாய். அது நாரைக்குத் தெரியும், விதிக்குத் தெரியாது.

பழையதைக் கிளற விருப்பமில்லை. ஆனால் ஆறு வருஷம் என்று நீயே எழுதியதால் சொல்கிறேன். எனக்கு ஐம்பது வயது நிறைந்த பிப்ரவரி 14 அன்று, நகராட்சிக் கட்டடத்தின் முகப்புப் புல்வெளியில், எந்த அனுமதியும் பெறாமல், ஐம்பது வயது ஆனவர்களைக் கேலி செய்ய வைக்கும் ஆபிரகாம் பொம்மை ஒன்று, மூன்று மீட்டர் உயரத்தில், நிறுத்தப்பட்டது. உடம்பில் என் பழைய கோட்டு. கையில் ரப்பர் முத்திரை. கழுத்தில் "அனுமதி இல்லை" என்று ஓர் அட்டை. உள்ளூர்ப் பத்திரிகை முதல் பக்கத்தில் படம் போட்டது. அதே மாதம் பிரிவுத் தலைவர் பதவி, என்னைவிடப் பதினான்கு வயது இளையவனும் ஒரு பத்தியைப் பிழையில்லாமல் எழுதத் தெரியாதவனுமான ரூத்கருக்குப் போயிற்று. இரண்டையும் கூட்டிப் பார்க்கிற அளவுக்கு எனக்குக் கணக்கு வரும்.

ஹார்மையும் விசாரித்ததாகச் சொல்லலாம்.

எவர்ட் ஹோல்ட்ரோப்
பூங்கா அனுமதிப் பிரிவு


மிட்டல்பர்க்,
மே 21

அன்புள்ள அண்ணா,

பதில் வந்ததே பெரிது. படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இங்கே இரண்டு நாளாக வெயில். ஹார்ம் முன்பைவிடத் தேவலை, அதாவது கத்துகிறார்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "ஐம்பது வயசானா வாசல்ல பொம்மை வைக்கிறது இந்த நாடே பண்றதுதானே? எனக்கு வெச்ச பொம்மை கையில நாறிப்போன மீனைக் குடுத்து, வாயில சுருட்டையும் சொருகுனீங்க. நான் யார்கிட்ட போய் அழுதேன்? ஒங்கண்ணன் மூணாவது மாடியில குடியிருக்கான், அவனுக்கு வாசலே கெடையாது. வேற எங்கதான் வைக்கிறதாம்?" என்றார். சொன்னபடியே எழுதிவிட்டேன். நீ எதையும் எழுத்தில் கேட்கிறவன்.

உங்கள் நகராட்சியின் இணையப் பக்கத்தைப் படித்தேன். நிகழ்ச்சிக்குத்தான் இருபது வாரம். படப்பிடிப்பு என்றால் மூன்றே வாரம் போதுமாம். ஆகவே இப்போது படப்பிடிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். புதுப் படிவம் இத்துடன். படத்தின் பெயர்: "ஒரு கல்யாணம்". வகை: குடும்பப் படம்.

டிரோனை விட்டுவிட்டோம். நாரைகளுக்கு எங்கள் வணக்கம்.

அன்புடன்,
ஹில்லி


ஓவர்பேக்,
மே 27

ஹில்லிக்கு,

நலமே. இங்கேயும் வெயில். பூங்காவில் சொல்லாமல் கொள்ளாமல் இறைச்சி சுடுகிறார்கள். வார இறுதியில் பதினேழு அடுப்பு எண்ணினேன்.

உன் படப்பிடிப்பு விண்ணப்பத்தை முழுதாகப் படித்தேன். இயக்குநர்: மெரெல். கதாநாயகி: மெரெல். துணை நடிகர்கள்: "குடும்பத்தார், நூற்று நாற்பது பேர்." முக்கியக் காட்சி எத்தனை முறை எடுக்கப்படும் என்ற கேள்விக்கு, "கடவுள் புண்ணியத்தில் ஒரே முறை" என்று எழுதியிருக்கிறாய். முப்பத்தொரு வருஷ வேலையில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. படம் எடுக்கப்படுகிறது என்பதால் கல்யாணம் படமாகிவிடாது. ஏற்பதற்கில்லை.

விதியை வளைக்க எனக்குத் தெரியாது. வளைக்கத் தெரிந்தவர்கள் இங்கே தலைவராகிவிடுகிறார்கள். இருந்தாலும் ஒரு தகவல். தகவல்தான், ஆலோசனை என்று நினைக்காதே. கூட்டம் நூறு பேருக்குக் குறைவு, ஒலிபெருக்கி கிடையாது, மாலை ஏழுக்குள் முடித்துவிடுவீர்கள் என்றால் அனுமதியே தேவையில்லை. அறிவிப்புப் படிவம் போதும். நிரப்பிய படிவம் எட்டு வாரம் முன்பு, ஜூலை 19, வெள்ளிக்கிழமைக்குள் என் மேஜையில் இருக்க வேண்டும். நிரப்பிய என்ற சொல்லை அடிக்கோடிட்டிருக்கிறேன், பார்.

மெரெலின் குடும்பப் பெயர் ஹார்முடையது. அவள் எனக்கு உறவு என்று இங்கே யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

எவர்ட்


மிட்டல்பர்க்,
ஜூன் 10

அன்புள்ள அண்ணா,

சௌக்கியம்தானே? பதில் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. நூற்று நாற்பதை நூறுக்குக் கீழே இறக்குவதற்குள் எங்கள் வீட்டில் ஒரு போரே நடந்துவிட்டது.

மெரெல் சனிக்கிழமை இரயிலில் வந்தாள். சாப்பாட்டு மேஜையில் பட்டியலைப் பரப்பினோம். ஹார்ம் முதலிலேயே, "த்ரூஸ் சித்தியை அடிச்சிடலாம், அவங்களுக்குக் காதும் கேக்காது" என்றார்.

"காது கேக்காதவங்கதான்ப்பா சண்டைக்கு வர மாட்டாங்க. அவங்க இருக்கட்டும். உங்க மீன்பிடி சங்கத்துல பதினாறு பேர் எதுக்கு?"

"அவனுங்க இல்லாம நான் எப்படி..."

"அப்பா, கல்யாணம் எனக்கா, சங்கத்துக்கா?"

பதினாறு பேரும் போனார்கள். ஹார்ம் அரை மணி நேரம் தோட்டத்தில் நின்றுவிட்டு வந்தார். பிறகு தன் பங்குக்குத் தைமனின் முன்னாள் காதலிகள் இருவரையும் அடித்தார். அவர்களை ஏன் கூப்பிட்டிருந்தார்கள் என்றே எனக்குப் புரியவில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகள். கடைசியில் வாத்தியக்காரர்களையும் சேர்த்துத் தொண்ணூற்றேழு. சட்டம் தொண்ணூற்றொன்பது வரை இடம் கொடுக்கிறது. மிச்சம் இரண்டு இடத்தைக் கையில் வைத்திருக்கிறோம்.

ஒலிபெருக்கி கிடையாது. வாயால் ஊதுவார்கள், கையால் தட்டுவார்கள். அறிவிப்புப் படிவம் இத்துடன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்கிறேன், ஒன்றைத் தவிர.

அன்புடன்,
ஹில்லி


ஓவர்பேக்,
ஜூன் 14

ஹில்லிக்கு,

நலம். முழங்காலுக்குப் புதுக் களிம்பு கொடுத்திருக்கிறார்கள், நாற்றம் தாங்கவில்லை.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். ஏழாவது கட்டம் காலியாக இருக்கிறது. "திருமணத்தை நடத்திவைப்பவர்." அதில் ஒரு பெயர் வேண்டும். நகராட்சிப் பதிவாளர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள், யாராவது ஒருவரைப் பிடி. அல்லது இப்போது எல்லோரும் செய்கிறார்களே, தெரிந்தவர் ஒருவர் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்து ஒரே ஒரு நாளுக்குப் பதிவாளர் ஆவது, அப்படிச் செய்வதானாலும் அதற்கும் ஜூலை 19-தான் கடைசி. அண்டை வீட்டுக்காரர், கால்பந்துப் பயிற்சியாளர், பல் மருத்துவர் என்று யார் யாரோ வந்து கல்யாணம் செய்து வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது வேறு.

"ஒன்றைத் தவிர" என்று நீயே எழுதியிருப்பதால், தெரிந்தே காலியாக விட்டிருக்கிறாய். ஏன் என்று ஊகிக்க முடிகிறது. ரூத்கர் இந்த ஊரில் பதினொரு கல்யாணம் நடத்தியிருக்கிறான். நகைச்சுவையாகப் பேசுகிறானாம். அவன் பெயரை எழுதத் தயங்கியிருக்கிறீர்கள். தயங்க வேண்டாம், எழுதுங்கள். எந்தப் பெயர் இருந்தாலும் படிவத்தை நான் ஏற்பேன். காலிக் கட்டத்தை ஏற்க மாட்டேன்.

இன்னொன்று. தினமும் காலை எட்டே காலுக்குச் சிவப்பு சைக்கிளில் ஒரு பெண் எங்கள் அலுவலக ஜன்னலுக்குக் கீழே மணியடித்துக்கொண்டே போகிறாள். அவசியமில்லாமல் மணி அடிப்பது போக்குவரத்து விதிக்கு எதிரானது. தெரிந்த பெண்ணாக இருந்தால் சொல்லிவை. செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. உடம்பு சரியில்லையா?

எவர்ட்


மிட்டல்பர்க்,
ஜூன் 20

அன்புள்ள அண்ணா,

செவ்வாய்க்கிழமை சைக்கிள் சங்கிலி அறுந்துவிட்டதாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ரூத்கர் இல்லை. அந்தக் கட்டத்தில் நான் எழுதக் கூடாது. எழுத வேண்டியது நான் அல்ல, இதற்கு மேல் என்னிடம் கேட்காதே. உன் கடிதத்தையும் படிவத்தையும் மெரெலுக்கு அனுப்பிவிட்டேன். அவளே எழுதுவாள்.

களிம்பைக் கழுவாமல் இரவு முழுக்க வைத்துக்கொள்.

ஹில்லி


ஓவர்பேக்,
ஜூன் 24

அன்புள்ள எவர்ட் மாமா,

நலமா? நான் நலம், சைக்கிளும் நலம். உங்கள் ஜன்னலுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் மூன்று தெருதான். அதற்குத் தபால்தலை ஒட்டுவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

ஏழாவது கட்டத்தைக் காலியாக விட்டது நான். அம்மாவைத் திட்டாதீர்கள். "போய்க் கேளேன்டி, மிஞ்சிப் போனா என்ன சொல்லிடுவான்?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். நான்தான் மறுத்தேன். உங்களிடம் யார் எதைக் கேட்டாலும் முதல் பதில் "ஏற்பதற்கில்லை." அது உங்களுக்குத் தும்மல் மாதிரி, தானாக வந்துவிடும். வந்தபின் திரும்ப எடுக்கவும் மாட்டீர்கள். ஆனால் காலியாகக் கிடக்கிற கட்டத்தை உங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் கேட்காமல், விட்டு வைத்தேன்.

இப்போது எழுத்தில் சொல்கிறேன். எங்கள் கல்யாணத்தை நீங்கள் நடத்திவைக்க வேண்டும். உங்கள் பூங்காவில் கேட்டதும் அதற்காகத்தான். அம்மா வீட்டுக்கு வரச் சொன்னால் வர மாட்டீர்கள், எங்கள் வீட்டுக்கும் வர மாட்டீர்கள். பூங்காவுக்கு எப்படியும் வருவீர்கள், யார் எங்கே அடுப்பு மூட்டுகிறார்கள் என்று பார்க்க.

எனக்குப் பத்து வயதில் நான் எழுதிய எல்லாக் கடிதத்தையும் பிழை திருத்திச் சிவப்பு மையில் திருப்பி அனுப்புவீர்கள். ஒவ்வொன்றின் அடியிலும், "கருத்து நன்று" என்று இருக்கும். என் வாழ்க்கையில் வேறு யாரும் என் கடிதத்தை அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. ஒரு பொம்மையின் காரணமாக அது நின்று போனது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பொம்மைக்கு வைக்கோல் அடைத்ததில் எனக்கும் பங்குண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேறு பெயர் எதுவும் நாங்கள் யோசித்து வைக்கவில்லை. படிவத்தை இத்துடன் திரும்ப வைத்திருக்கிறேன், ஜூலை 19 வரை கட்டம் காலியாகவே இருக்கும்.

தைமன் வணக்கம் சொல்லச் சொன்னான். உங்களைப் பார்த்தால் பயம் என்கிறான், அது நல்லதுதான்.

அன்புடன்,
மெரெல்


மிட்டல்பர்க்,
ஜூலை 15

அண்ணா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு ஏதாவது? விழுந்துவிட்டாயா? வயதான காலத்தில் தனியாக இருக்கிறாய், சொல்ல ஆளில்லை என்று எனக்கு என்னென்னவோ தோன்றுகிறது. உயிரோடு இருக்கிறாய் என்று மெரெல்தான் சொன்னாள், ஜன்னலில் தலை தெரிகிறதாம்.

இன்னும் நான்கு நாள். அவள் நேற்று தைமனோடு இங்கே வந்திருந்தாள். "மாமா பதில் போடலேன்னா பரவாயில்லம்மா, டவுன்ஹால்லயே ஒரு ரூம்ல முடிச்சிக்கலாம், ரெண்டு சாட்சி போதும்" என்றாள். சொல்லிவிட்டு ஒரே தட்டை மூன்று முறை கழுவினாள். தைமன் அதை வாங்கி நான்காவது முறை துடைத்தான்.

பூங்கா இல்லை என்றாலும் கல்யாணம் நடக்கும். ஆனால் நான் உன் தங்கை, கோபத்தில் ஒன்றை எழுதுகிறேன். அவள் உன்னிடம் கேட்டாள். ஊரெல்லாம் உன் பதிலுக்குக் காத்திருப்பது உனக்குப் பழக்கம். இவளைக் காக்க வைக்காதே. மாட்டேன் என்றால் மாட்டேன் என்று எழுது.

ஹில்லி


ஓவர்பேக்,
ஜூலை 18

அன்புள்ள ஹில்லி,

உடம்பு நன்றாக இருக்கிறது. விழவில்லை. களிம்பு வேலை செய்கிறது. நேரத்துக்கு எழுதாததற்கு விளக்கம் தர வேண்டியிருக்கிறது, தருகிறேன்.

மெரெலின் கடிதத்தை ஒன்பது முறை படித்தேன். பிழை ஒன்றுமில்லை. பிறகு படிவத்தை எடுத்தேன். அதில் என் பெயரை எழுதினால், அதைப் பரிசீலிக்கிற தகுதி எனக்குப் போய்விடும். தன் பெயர் உள்ள கோப்பில் தானே முடிவெடுக்க எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை. கோப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். இங்கே இன்னொருவர் என்றால் ஒரே ஒருவன். ரூத்கரிடம் போய் ஓர் உதவி கேட்டு நிற்பதா? ஆறு வருஷமாக அவன் அறைக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. தேவையானதை எல்லாம் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன். மூன்று வாரமும் இந்த யோசனையிலேயே போயிற்று.

இன்று காலை உன் கடிதம் வந்தது. பதினொன்றரைக்கு அவன் கதவைத் தட்டினேன். அவன் கேக் தின்றுகொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டான்.

"எவர்ட்! யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஒரு கோப்பைக் குடுக்க வந்தேன். இதுல நான் முடிவெடுக்கக் கூடாது. கல்யாணப் பொண்ணு என் தங்கச்சி மக."

"தெரியுமே. தெனமும் மணி அடிச்சிட்டுப் போற பொண்ணுதானே? நீங்க எட்டேகாலுக்கு காப்பிக் கப்பை எடுத்துக்கிட்டு ஜன்னல்கிட்ட போய் நிப்பீங்க. ஆபீஸே கடிகாரத்தைச் சரி பண்ணிக்கும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் அடக்கி வைத்ததும் சேர்ந்து வந்துவிட்டது. "நீங்க இந்த நாற்காலிக்கு எப்படி வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். எல்லாம் அந்தப் பொம்மையால வந்தது" என்றேன்.

அவன் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "எந்தப் பொம்மை? அந்த மூணு மீட்டர் பொம்மையா? எவர்ட், ஆறு வருஷமா இதுதானா விஷயம்?" இழுப்பறையைத் துழாவி ஒரு தாளை எடுத்து நீட்டினான். அவனுடைய நியமனக் கடிதம். தேதி பிப்ரவரி 3.

"அப்ப என்னை ஏன் எடுக்கல?"

"தலைவரானா மொதல்ல என்ன செய்வீங்கன்னு நேர்காணல்ல கேட்டிருக்காங்க. பத்து வருஷமா குடுத்த எல்லா அனுமதியையும் திரும்பப் படிச்சு, தப்பா குடுத்ததையெல்லாம் ரத்து பண்ணுவேன்னு சொன்னீங்களாம். பயந்துட்டாங்க."

அது சரியான பதில் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நியமனம் பிப்ரவரி 3. பொம்மை பிப்ரவரி 14. பொம்மை பதினொரு நாள் பிந்தியது. இதை உனக்கும் ஹார்முக்கும் மெரெலுக்கும் முறைப்படி எழுத்தில் தெரிவித்துக்கொள்கிறேன். ஆறு வருஷம் நான் கூட்டிய கணக்கு தவறு.

அவன் மேஜையில் நின்றபடியே ஏழாவது கட்டத்தை நிரப்பினேன். எழுதுகிறவர் விண்ணப்பதாரராக இருக்க வேண்டும் என்பது விதி. ரூத்கர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கேக்கில் பாதி கொடுத்தான். உலர்ந்த கேக், ஆனாலும் தின்றேன்.

உறுதிமொழி எடுக்க ஆகஸ்ட் 20 நீதிமன்றத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கோட்டு ஒன்று வாங்க வேண்டும். பழையது என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும்.

மெரெலிடம் நானே நேரில் சொல்லிவிட்டேன். மாலை ஐந்துக்குக் கீழே போய் நின்றேன், சைக்கிளை நிறுத்தினாள். சாலை நடுவில் கட்டிப்பிடித்துக்கொண்டாள், பின்னால் மூன்று வண்டி நின்றது. அவள் அழுத அளவுக்குக் காரணம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் அழவில்லை என்று எழுத நினைத்தேன். பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஹார்ம் உப்பைக் குறைக்கட்டும்.

உன் அண்ணன்,
எவர்ட்


ஓவர்பேக் நகராட்சி, பூங்கா அனுமதிப் பிரிவு,
ஜூலை 24

திருமதி ஹில்லி அவர்களுக்கு,

தாங்களும் குடும்பத்தினரும் நலம் என்று நம்புகிறேன். செப்டம்பர் 14 திருமண அறிவிப்பு ஏற்கப்பட்டது. நிபந்தனைகளாவன: தொண்ணூற்றொன்பது பேருக்கு மேற்படக் கூடாது. ஒலிபெருக்கி, டிரோன், திறந்த நெருப்பு கூடாது. மாலை ஏழு மணிக்குப் புல்வெளி காலியாக வேண்டும். திருமணத்தை நடத்திவைப்பவர் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது, விதிகளை வாசிக்கவும் கூடாது.

கடைசி நிபந்தனை சட்டத்தில் இல்லை. என் சொந்த அனுபவத்தில் சேர்த்தது. அவர் இந்தக் கடிதத்தைப் பார்த்தால் எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவும்.

வாழ்த்துகளுடன்,
ரூத்கர்
பிரிவுத் தலைவர்


ஓவர்பேக்,
செப்டம்பர் 16

அன்புள்ள ஹில்லி,

ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? ஹார்மின் இடுப்பு எப்படி இருக்கிறது? அந்த வயதில் த்ரூஸ் சித்தியைத் தூக்கிச் சுற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சித்தி மட்டும் கேட்டிருக்கலாம், அவர் கத்தியது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

நிகழ்ச்சி முடிந்தபின் இடத்தைப் பார்வையிட்டு அறிக்கை தருவது அதிகாரியின் கடமை. ரூத்கர் அதை என் மேஜையில் வைத்து, "நீங்கதான் அங்க இருந்தீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் நடைமுறையை மதிக்கிற லட்சணம் இது. இன்று காலை ஏழு மணிக்குப் போனேன். அறிக்கையில் எழுதியதை உனக்கும் சொல்கிறேன்.

கூட்டம்: என்னைத் தவிர்த்து நான் எண்ணியது நூற்று ஆறு. மீன்பிடி சங்கத்தார் எட்டுப் பேர் குளத்தின் எதிர்க்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். மீன்பிடி உரிமச் சீட்டு எட்டும் செல்லும், நானே வாங்கிப் பார்த்தேன். எதிர்க்கரை புல்வெளியில் சேராது என்பதால் அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர்களைக் கழித்தால் தொண்ணூற்றெட்டு. கேக் வெட்டியபோது அவர்கள் பாலத்தைக் கடந்து வந்ததை நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வானிலை: இரண்டே காலுக்கு மழை, ஏழு நிமிடம். யாரும் எழுந்திருக்கவில்லை. வாத்துகள் மட்டும் நடுவழியாகப் போயின. அவற்றுக்கு நிபந்தனை எதுவும் விதிக்கப்படவில்லை.

என் பேச்சு: பதினேழு நிமிடம். நிபந்தனை மீறல். ரூத்கரே விருந்தினராக முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியதால் நடவடிக்கை எடுக்க வழியில்லை. அவன் எப்படி வந்தான் என்று உன்னிடம் கேட்க நினைத்தேன். மிச்சம் வைத்த இரண்டு இடத்தில் ஒன்று எனக்கு என்று இப்போது புரிகிறது. இன்னொன்றை நீ அவனுக்குக் கொடுத்தது தெரியாமல் போயிற்று. அவன் பேச்சை நான் கேட்டதில்லை, ஆனால் ஆட்டத்தைப் பார்த்துவிட்டேன். எழுத்தைவிட மோசம்.

அறிக்கையில் எழுத முடியாத ஒன்று. முப்பத்தொரு வருஷமாக நான் கேள்வி கேட்டால், எதிரில் இருப்பவர் சம்மதம் என்பார், நான் இல்லை என்று சொல்ல இடம் தேடுவேன். அன்று மெரெலிடம் சட்டம் சொல்லும் கேள்வியைக் கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் ஒரு மூச்சு எடுத்தாள். அந்த ஒரு மூச்சு நேரத்தில் கையிலிருந்த தாளில் அந்தக் கேள்வியை இரண்டு முறை திரும்பப் படித்துவிட்டேன். சொன்னதும் முதலில் கத்தியது யார் என்று எல்லோரும் கேட்டார்களாம். நான்தான்.

தைமன் கையெழுத்துப் போடும்போது கோட்டுக்கு வெளியே எழுதிவிட்டான். செல்லும் என்று சொல்லிவிட்டேன்.

இனி சேதம். வாத்தியக் குழு நின்ற இடத்துக்கு முன்னால், ஏறக்குறைய பன்னிரண்டு மீட்டர் வட்டத்தில் புல் முற்றிலும் மிதிபட்டிருக்கிறது. மண் தெரிகிறது. காரணம்: ஆட்டம். ஆடியவர்களில் இந்த அறிக்கையை எழுதுகிறவரும் ஒருவர். விதைக்கச் சொல்லித் தோட்டக்காரர்களுக்கு எழுதியிருக்கிறேன். வட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டாம் என்றும் எழுதினேன். ஏன் என்று கேட்டார்கள், பார்க்க ஆள் வரும் என்று எழுதினேன்.

மூன்று வாரத்தில் புல் எழும்பும். அக்டோபர் 5, சனிக்கிழமை. நீயும் ஹார்மும் காலை இரயிலில் வந்தால் பதினொன்றுக்கு என் வீட்டில் இருக்கலாம். மெரெலும் தைமனும் வருகிறார்கள், சொல்லிவிட்டேன். மூன்று மாடி ஏற வேண்டும், ஹார்ம் நின்று நின்று ஏறட்டும். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் போய்ப் புல்லைப் பார்ப்போம்.

ஹார்ம் காப்பியில் பால் விடுவானா, சர்க்கரை போடுவானா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். நினைவுக்கு வரவில்லை. இரண்டும் வாங்கி வைக்கிறேன்.

உன் அண்ணன்,
எவர்ட்